எதிரி சொன்ன இடம்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. இன்னொரு கிளாஸுக்கும் இப்போதே சொல்லிவைத்துவிடலாம்.

உலகப் போரில் மூழ்கிய கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படித்ததும் பலருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றுதான். அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல், அசையாமல் ஒரே இடத்தில் கிடக்கிறது. மேலே சாட்டிலைட் சுற்றுகிறது, கையில் ஜிபிஎஸ் இருக்கிறது. இதைத் தேடிப் பிடிக்க அறுபது எழுபது வருடமா?

ஆகத்தான் செய்கிறது. கருவி ஒருபக்கம் இருக்கட்டும். கருவியை எந்த இடத்தில் இறக்குவது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் கரையிலேயே இருக்கும். பழைய காகிதங்களிலும், பிழைத்து வந்தவர்கள் சொன்ன வாக்குமூலங்களிலும். அந்த வாக்குமூலத்தைச் சொன்னவன் எதிரியாக இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சிட்னி ஒரு க்ரூஸர் வகைப் போர்க்கப்பல். 171 மீட்டர் நீளம். 1940 ஜூலையில் மத்தியதரைக் கடலில் இத்தாலியின் க்ரூஸர் ஒன்றை மூழ்கடித்துப் பெயர் வாங்கியது. அதற்கு முன்னால் இதே பெயரில் இன்னொரு சிட்னி இருந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு போட்டுக் கொளுத்திய எம்டனை, அதே ஆண்டு நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் வைத்து அடித்து நொறுக்கியது அந்தப் பழைய சிட்னிதான். எம்டனைத் தேடும் வேலையே யாருக்கும் வரவில்லை. அதன் கேப்டன் கப்பலைக் கொண்டுபோய்ப் பவளப்பாறையில் ஏற்றிவிட்டார். எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி கிடந்தது.

புதிய சிட்னிக்கு வாய்த்த எதிரி வேறு ரகம். கோர்மொரான் என்ற அந்த ஜெர்மன் கப்பல் பார்வைக்குச் சாதாரணச் சரக்குக் கப்பல். மறைப்புத் தகடுகளுக்குப் பின்னால் 15 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஆறு, டார்பிடோக்கள், அடித்தளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகள். ஒவ்வொரு கடலிலும் ஒவ்வொரு நாட்டுக் கொடியை ஏற்றிக்கொண்டு திரியும். 1941 ஜூனில் சென்னைக்கு வெளியே கண்ணிவெடி போடும் எண்ணத்தோடு வங்காள விரிகுடாவுக்கும் வந்திருக்கிறது. எதிர்ப்பட்ட கப்பலைப் பிரிட்டிஷ் ஆயுதக் கப்பல் என்று நினைத்து, திட்டத்தைக் கைவிட்டு விலகிப் போய்விட்டது. சென்னைக்காரர்களுக்கு அப்படி ஒன்று வந்து போனதே தெரியாது.

1941 நவம்பர் 17 அன்று சிட்னி, துருப்புகளோடு சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்த ஸீலாண்டியா கப்பலைச் சுண்டா நீரிணை அருகே இன்னொரு போர்க்கப்பலிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பியது. 20ஆம் தேதி ஃப்ரீமாண்டில் துறைமுகத்துக்கு வந்து சேர வேண்டும். 19ஆம் தேதி மாலை, மேற்கு ஆஸ்திரேலியக் கரைக்கு வெளியே ஒரு சரக்குக் கப்பலைப் பார்த்து விசாரித்தது. தான் ஸ்ட்ராட் மலாக்கா என்ற டச்சுக் கப்பல் என்றது எதிர்த்தரப்பு. ஒவ்வொரு நேச நாட்டு வணிகக் கப்பலுக்கும் அப்போது நான்கெழுத்து ரகசியக் குறி ஒன்று உண்டு. சிட்னி அதில் நடுவிலுள்ள இரண்டு எழுத்துகளைக் கொடியாக ஏற்றியது: ஐ, கே. நிஜமான டச்சுக் கப்பலாக இருந்தால் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் ஏற்றிப் பதில் சொல்லியிருக்கும். ஜெர்மானியர்களிடம் அந்த விடை இல்லை. பொதுக் கொடிமொழியில் அந்த இரண்டு எழுத்துக்கும் புயல் எச்சரிக்கை என்று பொருள். அவர்கள் குழம்பிப் போனார்கள். ரகசியக் குறியைக் காட்டு என்று சிட்னி மறுபடி கேட்டதும், கோர்மொரானின் கேப்டன் டெட்மெர்ஸ் டச்சுக் கொடியை இறக்கி, ஜெர்மன் போர்க்கொடியை ஏற்றி, சுடச் சொன்னார். அப்போது இரண்டு கப்பல்களுக்கும் இடையே தூரம் ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர்தான். க்ரூஸரின் பலமே தூரத்தில் நின்று அடிப்பது. அந்தப் பலத்தை சிட்னி கையிலிருந்து விட்டுவிட்டது.

இரண்டுமே மூழ்கின. எரிந்துகொண்டே தென்கிழக்கே விலகிப்போன சிட்னியின் வெளிச்சம் தொடுவானத்தில் நெடுநேரம் தெரிந்ததாக ஜெர்மானியர்கள் சொன்னார்கள். கோர்மொரானில் தீ கண்ணிவெடிக் கிடங்கை நெருங்கியதால் அவர்களே அதைக் கைவிட்டுப் படகுகளில் இறங்கினார்கள். நள்ளிரவு தாண்டியதும் வெடித்துச் சிதறியது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் கரையேறினார்கள், அல்லது வழியில் வந்த கப்பல்களால் மீட்கப்பட்டார்கள். சிட்னியில் இருந்த 645 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நடந்ததைச் சொல்ல இருந்தவர்கள் முழுக்க எதிரிகள். ஒரு சரக்குக் கப்பல், நாட்டின் பெருமையான க்ரூஸரை மூழ்கடித்தது என்பதையே நம்ப முடியவில்லை; அதையும் அடித்தவனே வந்து சொன்னால்? வதந்திகள் கிளம்பின. ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று கூட இருந்து உதவியது என்றார்கள். வெள்ளைக் கொடி காட்டி ஏமாற்றினார்கள் என்றார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார்கள், அதை மறைக்கத்தான் பொய்யான இடத்தைச் சொல்கிறார்கள் என்றார்கள். புத்தகம் மேல் புத்தகம் வந்தது. 1990களில் நாடாளுமன்றக் குழு உட்கார்ந்து விசாரித்தது. கப்பல் தெற்கே ஆப்ரோல்ஹோஸ் தீவுகள் பக்கம் கிடக்கிறது என்று ஒரு கட்சி, வடக்கே என்று இன்னொரு கட்சி. மகனையும் கணவனையும் இழந்தவர்கள் வதந்தியை நம்பியதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. படித்தவர்களும் அதே வேகத்தில் நம்பினார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஜெர்மானியர்கள் சொன்ன இடம் எது? டெட்மெர்ஸ் கணக்கில் தெற்கு அட்சரேகை 26 பாகை 34 கலை, கிழக்குத் தீர்க்கரேகை 111 பாகை. மாலுமிகள் பலர் சொன்னது இன்னும் மொத்தையாக இருந்தது: தெற்கே 26, கிழக்கே 111. இப்படிப் பலரும் ஒரே முழு எண்ணைச் சொன்னதே சந்தேகத்தைக் கிளப்பியது. சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கிறார்கள் என்று பேச்சு.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் இருவர் கடல் பக்கமே சம்பந்தமில்லாதவர்கள். கிம் கிர்ஸ்னர், ஜான் டன் என்ற அந்த இருவரும் மனித நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள். கப்பல் எங்கே மூழ்கியது என்பதைப் பற்றி ஜெர்மன் மாலுமிகள் விசாரணையில் சொன்ன எழுபதுக்கும் மேற்பட்ட கூற்றுகளை எடுத்து வைத்துக்கொண்டு அவர்கள் கேட்ட கேள்வி வேறு. இவை பொய்யின் சாயலில் இருக்கின்றனவா, மறதியின் சாயலில் இருக்கின்றனவா?

கொஞ்சம் நின்று இதைப் பார்க்கலாம். பத்துப் பேர் கூடிப் பேசிப் பொய் சொன்னால், பதில்கள் எல்லாம் ஒரே எண்ணில் வந்து நிற்கும். அல்லது ஆளுக்கொன்றாக, ஒட்டும் உறவும் இல்லாமல் சிதறும். நிஜமாகவே காதில் விழுந்த ஒரு செய்தி பல வாய் மாறி, பல நாள் கழித்து வெளியே வரும்போது இரண்டு மாதிரியும் இருக்காது. ஒருவர் அட்சரேகையைச் சரியாகச் சொல்வார், தீர்க்கரேகையை விட்டுவிடுவார். ஒருவர் பாகை, கலை எல்லாவற்றையும் மறந்து ‘ஷார்க் பே விரிகுடாவிலிருந்து சுமார் 120 மைல்’ என்பார். இன்னொருவர் முழு எண்ணாக்கிவிடுவார். கேம்பிரிட்ஜின் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வில், ஒரு செவ்விந்தியக் கதையை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, நாள் தள்ளித் தள்ளித் திரும்பச் சொல்ல வைத்தார். கதை எப்படித் தேய்கிறது, எந்தப் பகுதி நிற்கிறது, எது உதிர்கிறது என்று பதிவு செய்தார். கிர்ஸ்னரும் டன்னும் மாலுமிகளின் கூற்றுகளை அந்தத் தேய்மானத்தோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போயிற்று. ஆக, அதிகாரிகள் யாரோ சொன்ன உண்மையான இடம் ஒன்று கப்பலுக்குள் பரவியிருக்கிறது. இவை அதன் தேய்ந்த பிரதிகள். பிரதிகளை எல்லாம் சேர்த்துவைத்து மூலத்தைக் கணித்துவிடலாம். ஓலைச்சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பதிப்பிக்கிற வேலைக்கு நெருங்கிய வேலை.

அவர்கள் கணித்த புள்ளி, பின்னால் கோர்மொரான் அகப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான் தள்ளியிருந்தது.

இன்னொரு பக்கம், கப்பல் தேடுவதையே தொழிலாகக் கொண்ட டேவிட் மியர்ன்ஸ் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்தார். 2001இல் டென்மார்க் நீரிணையில் ஹூட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைக் கண்டுபிடித்தவர் அவர். சிட்னி விஷயத்தில் அவருக்குக் கிடைத்த உருப்படியான சான்று ஒரு அகராதி. டெட்மெர்ஸ் சிறை முகாமில் இருந்தபோது வைத்திருந்த ஜெர்மன்–ஆங்கில அகராதி. அவர் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தது. புரட்டிப் பார்த்தால் அச்சான எழுத்துகள் சிலவற்றுக்கு அடியில் பென்சிலால் மிகச் சிறிய புள்ளிகள். புள்ளி வைத்த எழுத்துகளை மட்டும் வரிசையாகக் கூட்டிப் படித்தால் சண்டையின் முழு அறிக்கையும் வருகிறது. விசாரணை அதிகாரிக்காக எழுதியதில்லை அது. எப்படியாவது ஜெர்மனிக்குக் கொண்டுபோய்த் தன் மேலதிகாரிகளிடம் சேர்ப்பதற்காக எழுதியது. தன் கடற்படைக்கே ஒருவன் திருட்டுத்தனமாக எழுதும் அறிக்கையில் பொய்யான இடத்தைச் சொல்ல வேண்டிய தேவை இல்லை. விசாரணையில் சொன்னதும் அகராதியில் இருந்ததும் ஒத்திருந்தன.

காகிதமும் வாய்மொழியும் போக மூன்றாவதாக ஒரு சான்று: மிதந்தவை. படகுகளும் மிதவைகளும் எந்தெந்த நாளில் எங்கெங்கே அகப்பட்டன என்ற குறிப்புகள் இருந்தன. அந்த வாரத்தின் காற்றையும் நீரோட்டத்தையும் வைத்து, படகைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். ஒரே மிதவையை வைத்துச் செய்தால் பிழை பெரிதாக இருக்கும். பல மிதவைகளை வைத்துச் செய்தால் கோடுகள் ஒரு வட்டாரத்தில் வந்து கூடும்.

இவ்வளவும் சேர்த்துக் கடலில் ஒரு கட்டம் போட்டார்கள். 52 கடல் மைல் நீளம், 34 கடல் மைல் அகலம். ஏறக்குறைய 6,000 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சிப் பரப்பைப் போலப் பதினான்கு மடங்கு. இதற்குமேல்தான் கருவிக்கு வேலை.

கடல்நீருக்குள் வெளிச்சம் சில நூறு மீட்டர்களுக்குள் செத்துவிடும். ரேடியோ அலை அதற்கும் முன்பே செத்துவிடும். ஜிபிஎஸ் சொல்வது மேலே மிதக்கும் கப்பல் எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான். சாட்டிலைட் வைத்து வரைந்த கடலடி வரைபடங்களில் மலைத்தொடர்கள் தெரியும், கப்பல் தெரியாது. தண்ணீருக்குள் தூரம் போகிற ஒரே பொருள் ஒலி. நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் போகும். அதனால் சோனார்.

ஆழ்கடலில் சோனாரைக் கப்பலின் வயிற்றில் மாட்டினால் போதாது, அடித்தளம் வெகு கீழே இருக்கிறது. உலோகக் கூட்டில் சோனாரை வைத்து, கிலோமீட்டர் கணக்கில் கேபிள் விட்டு, தரையிலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில் பறக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு போவார்கள். அது இடமும் வலமும் ஒலியை வீசும். எதிரொலி வரும் நேரத்தையும் வலுவையும் கொண்டு தரையின் படத்தைக் கோடு கோடாக எழுதும். வயலில் ஏர் ஓட்டுவதைப் போலத்தான்: ஒரு சால் போய், திரும்பி, பழைய சாலைக் கொஞ்சம் தொட்டுக்கொண்டு அடுத்த சால். தாழ்ந்த அதிர்வெண் வைத்தால் சால் அகலமாக விழும், படம் மங்கும். உயர்ந்த அதிர்வெண்ணில் படம் தெளிவு, சால் குறுகல். முதலில் 30 கிலோஹெர்ட்ஸ் மாதிரியான தாழ்ந்த ஒலியில் அகலமாகத் தேடிவிட்டு, சந்தேகத்துக்குரிய இடத்தில் மட்டும் தெளிவாகப் பார்ப்பது வழக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாலின் அகலம் 5 கிலோமீட்டர் என்று வையுங்கள். கேபிள் அறுந்துவிடாமல் இழுக்க வேண்டும் என்பதால் வேகம் மணிக்கு நாலரைக் கிலோமீட்டர், நாம் நடக்கிற வேகம். மணிக்கு இருபத்திச் சொச்சம் சதுர கிலோமீட்டர். 6,000ஐ முடிக்க இரவு பகலாகப் பதினோரு நாள். சாலின் முடிவில் கப்பல் திரும்ப வேண்டும். பின்னால் கிலோமீட்டர் கணக்கில் கேபிள் தொங்கும்போது சட்டென்று திரும்பினால் சோனார் தரையில் மோதிவிடும்; வட்டமடித்துத் திரும்புவதற்கே மணிக்கணக்கு. நடுவில் புயல், பழுது. கட்டம் பத்து மடங்கு பெரிதாக இருந்தால் இதே வேலை மாதக்கணக்கில் இழுக்கும், பணம் தீர்ந்துவிடும். கட்டத்தைச் சின்னதாக்குவதுதான் தேடல். மற்றது கூலி வேலை என்று சொன்னால் மாலுமிகள் கோபித்துக்கொள்வார்கள்; ஆனாலும் என் கட்சி அதுதான்.

எந்தக் கப்பலை முதலில் தேடுவது என்பதிலும் ஒரு யோசனை இருந்தது. நாட்டுக்கு வேண்டியது சிட்னி. தேடியது கோர்மொரானை. காரணம், பிழைத்தவர்கள் எல்லோரும் கடைசியாக நின்ற இடம் அது. கண்ணிவெடிகள் வெடித்ததால் துண்டுகள் பெரிய பரப்பில் கிடக்கும், சோனார் தவறவிடாது. அது கிடைத்துவிட்டால், சிட்னி எந்தத் திசையில் விலகிப் போயிற்று என்பதற்கு ஜெர்மானியர்களின் சாட்சி இருக்கிறது.

சோனார் படத்தில் கப்பல் எப்படித் தெரியும்? படங்களில் வருகிற மாதிரி பாய்மரமும் பீரங்கியுமாகத் தெரியாது. மணல் சாம்பல் நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு அரிசி அளவு பளீரென்ற கீற்று; அதன் பின்னால் கரிய நிழல். எஃகு ஒலியை மணலைவிட வலுவாகத் திருப்பி அடிப்பதால் வெளிச்சம். ஒலி தாண்டிப் போக முடியாததால் நிழல். நிழலின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம். பாறையும் இப்படித் தெரியும் என்பதால், சுற்றிலும் பொடிப் பொடிப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பாறை சிதறாது, கப்பல் சிதறும்.

2008 மார்ச் 12 அன்று ஜியோசவுண்டர் என்ற கப்பலின் சோனாரில் கோர்மொரான் தெரிந்தது. நான்கு நாள் கழித்து, 16 அன்று, தென்கிழக்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் சிட்னி. ஆழம் 2,468 மீட்டர். ஷார்க் பே பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டீப் பாயிண்ட் முனையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர். கோர்மொரானின் இடம் தெற்கே 26 பாகை 5 கலை 46 விகலை, கிழக்கே 111 பாகை 4 கலை 27 விகலை. மாலுமிகள் சொன்ன மொத்தையான 26, 111 என்ற எண்ணிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். கேப்டன் கலை வரைக்கும் சொன்ன எண் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. அறுபத்தாறு வருடம் பொய் என்று ஒதுக்கப்பட்ட முழு எண்தான் கிட்டத்தில் இருந்தது.

பிறகு தொலைவிலிருந்து இயக்கும் கேமரா வாகனத்தை இறக்கினார்கள். சிட்னி நிமிர்ந்த வாக்கில் தரையில் உட்கார்ந்திருந்தது. முன்பகுதி மட்டும் இல்லை. டார்பிடோ பட்ட இடத்தில் பலவீனமாகி, பிய்ந்து தனியாகக் கிடந்தது. உடலில் 15 சென்டிமீட்டர் குண்டுகள் துளைத்த ஓட்டைகள் எண்பதுக்கும் மேல். கப்பலை நடத்தும் தளத்திலும் குண்டு பட்டிருந்தது; முதல் சில சுற்றுகளிலேயே அங்கே அடித்தோம் என்று ஜெர்மானியர்கள் சொன்னது அப்படியே இருந்தது. சிட்னியின் படகுகள் சிதறல்களுக்கு நடுவே உடைந்து கிடந்தன. 645 பேரில் ஒருவரும் ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்விக்கு அந்தப் படகுகளே பதில்: இறக்க முழுசான படகு இல்லை, முன்பகுதி பிய்ந்த கப்பல் சீக்கிரம் மூழ்கிவிடும். நீதிபதி டெரன்ஸ் கோல் தலைமையிலான விசாரணை ஆணையம் 2009இல் அறிக்கை தந்தது. ஜப்பானிய நீர்மூழ்கி இல்லை, தண்ணீரில் கிடந்தவர்களைச் சுட்டதற்கு ஆதாரம் இல்லை, ஜெர்மானியர்கள் சொன்னது சாராம்சத்தில் சரி என்று முடித்தது.

சிட்னியின் கேப்டன் பர்னெட் ஏன் அவ்வளவு கிட்டத்தில் போனார் என்பதைக் கப்பல் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எஃகில் ஓட்டை இருக்கும், நினைப்பு இருக்காது.

இது ஒரே ஒரு அதிர்ஷ்டக் கதை என்று எண்ண வேண்டாம். கோர்மொரான் கேப்டனையும் அவர் படகிலிருந்தவர்களையும் கடலிலிருந்து கரைக்கு இழுத்து வந்தது செண்டார் என்ற கப்பல். அதே செண்டார் பின்னால் மருத்துவமனைக் கப்பலாகி, 1943 மே 14 அன்று குயீன்ஸ்லாந்துக்கு வெளியே ஜப்பானிய டார்பிடோவில் மூழ்கியது. 268 பேர் இறந்தார்கள். பிழைத்த இரண்டாம் அதிகாரி ஒருவர் கப்பல் மூழ்கிய இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். அதைவிட்டு வேறெங்கோ 1995இல் ஒரு சிதைவைக் கண்டு, இதுதான் செண்டார் என்று எட்டு வருடம் நம்பினார்கள். அது கியோகிள் என்ற வேறொரு கப்பல் என்று 2003இல் தெரிந்தது. 2009 டிசம்பரில் மியர்ன்ஸ் நிஜமான செண்டாரைக் கண்டுபிடித்தபோது, அது அந்த அதிகாரி சொன்ன இடத்திலிருந்து ஒரு கடல் மைலுக்குள் இருந்தது. 1945இல் மூழ்கிய அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் கதையும் இதே ஜாதி. மூழ்குவதற்குப் பதினொரு மணி நேரம் முன்பு அதைக் கடந்துபோன தரையிறக்கும் கப்பல் ஒன்றின் பதிவேட்டை ஒரு வரலாற்றாளர் பிடித்தார். தேடும் இடம் மாறியது. அடுத்த ஆண்டே, 2017இல், 5,500 மீட்டர் ஆழத்தில் கப்பல் கிடைத்தது.

ஆழம் கப்பலுக்கு ஒருவகையில் காவல். ஜாவா கடலில் 1942 பிப்ரவரி 27 சண்டையில் அடிபட்டு மூழ்கிய டி ராய்ட்டர், ஜாவா ஆகிய டச்சுப் போர்க்கப்பல்களை 2002இல் கண்டுபிடித்தார்கள். 75ஆம் ஆண்டு நினைவுக்காக 2016இல் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தபோது, கப்பல்கள் கிடந்த அச்சு மட்டும் மணலில் பதிந்திருந்தது. பழைய இரும்புக்காரர்கள் உள்ளே இருந்த எலும்புகளோடு சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டார்கள். மூழ்கினாலும் போர்க்கப்பல் அந்தந்த நாட்டின் சொத்து, அது ஒரு கல்லறை என்பது நாடுகளுக்கிடையே உள்ள மரபு. அறுபது எழுபது மீட்டர் ஆழத்தில் அந்த மரபைக் காக்க யாரும் நிற்பதில்லை. மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் ஐம்பது சொச்சம் மீட்டரில்தான் கிடக்கிறது. அங்கே இறங்கிப் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டு மட்டும் வரவேண்டும்; பித்தளைக் குமிழ் ஒன்றைக்கூட நினைவுப்பொருளாக எடுத்துவருவது கல்லறைத் திருட்டுத்தான்.

சிட்னியின் மிதவை ஒன்று கான்பெராவின் போர் நினைவகத்தில் இருக்கிறது. அதில் பாய்ந்திருந்த உலோகத் துணுக்குகளைச் சோதித்தார்கள். துப்பாக்கி ரவைகள் இல்லை, வெடித்த குண்டின் சில்லுகள். இன்னொரு மிதவை 1942 பிப்ரவரியில் கிறிஸ்துமஸ் தீவில் ஒதுங்கியது, அதில் ஒரு மாலுமியின் உடலோடு. தீவுக்காரர்கள் அடக்கம் செய்தார்கள். 2006இல் அந்தக் கல்லறையைத் தேடி எடுத்து, உறவினர்களின் மரபணுவோடு ஒப்பிட்டு, அவர் தாமஸ் வெல்ஸ்பி கிளார்க் என்று 2021இல் அறிவித்தார்கள். 645 பேரில் உடல் அடையாளம் காணப்பட்டவர் அவர் ஒருவரே.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். போர்க்காலத்தில் கப்பலில் வேலை பார்த்த தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த பாட்டி எழுதிவைத்த கடிதம், தேதியும் கப்பல் பெயரும் கிறுக்கிய பழைய டயரி எதுவாவது உங்கள் வீட்டில் இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். எண்கள் தப்பாகத் தெரிந்தாலும் திருத்தாமல் அப்படியே படமெடுத்து வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, அரசின் ஆவணக் காப்பகம் இருக்கிறது; இலங்கையில் நூலகம் நிறுவனம் இருக்கிறது. கொண்டுபோய்க் காட்டுங்கள்.